காத்திருந்த சுவைஞரும் கையடக்க விளையாட்டும்

மக்கள் உள்ளத்தெழும் உணர்ச்சிகளுள் எதிர்பார்ப்பு மிக நுண்ணியதாகும். அகப்பொருளுக்கு இலக்கணம் வகுத்த நம் முன்னோர் இருத்தலை முல்லைத்திணையின் உரிப்பொருளாக வைத்தனர். கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிப் பிரிந்தவன் வருமளவும் ஆற்றியிருப்பவளின் உள்ளம் எவ்வெவ்வாறு அலையும் என்பதைப் புலவர் பலபடப் பாடினர். காத்திருப்போர் விரும்புவது இன்னதென்று தெளிந்தாலன்றி, வந்தடைந்த பொருள் அவ்விருப்பத்தை நிறைவித்ததா என்று அறிதல் இயலாது. இவ்வுண்மையைப் பெரியோர் பலர் சிறிதென்று ஒதுக்கும் ஒரு பொருளில் வைத்துக் காட்டுதலே ஈண்டு எம் நோக்கம். தொலைக்காட்சியிற் கண்டு களித்த சித்திரக் கதையொன்று கையடக்க விளையாட்டாக வெளிவருவதை அதன் சுவைஞர் எதிர்நோக்கியிருத்தலே அப்பொருள்.

ஜப்பான் நாட்டில் உருவாகும் இயங்கு சித்திரக் கதைகளை ‘அனிமே’ என்று வழங்குவர். அவற்றுட் பல வாரந்தோறும் ஒரு பகுதியாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்படும். கதை புகழ்பெற்றவுடன் அதனைத் தழுவிய வீடியோ விளையாட்டு வருமா என்று சுவைஞர் வினவத் தொடங்குவர். அவ்விளையாட்டு கையிற் கொள்ளும் சிறு கருவிக்கென வருமாயின் சிறுவர்க்கு மகிழ்ச்சி மிகப் பெரிது. வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டி குடும்பத்தார் அனைவர்க்கும் பொது. கைக்கருவியோ அவனவனுக்கு உரியது. அதனைப் புத்தகப் பையில் இட்டுக்கொள்ளலாம். புகைவண்டியிலும் மரநிழலிலும் அமர்ந்து ஆடலாம்.

கதையை முன்னரே அறிந்தோர் அதனையே விளையாட்டாகப் பெற ஏன் ஏங்குதல் வேண்டும் என்று சிலர் வினவுவர். தெரிந்த கதையை மீண்டும் நாடுதல் மனித இயற்கையே என்பதற்கு நம் ஊர்த் தெருக்கூத்தே சான்று. பாஞ்சாலி சபதம் முடிப்பாள் என்பது கூத்துக் காண வந்த குழந்தைக்கும் தெரியும். எனினும் ஊரார் விடியுமளவும் அமர்ந்திருப்பர். ஆனால் காணுதல் வேறு, செய்தல் வேறு. சித்திரக் கதையைக் காண்பவன் தலைவனுக்காக அஞ்சலாம், மகிழலாம். அவனுக்கு உதவ இயலாது. விளையாட்டில் அவ்விடைவெளி நீங்குகின்றது. வாயிலின் வெளியே நின்று நோக்கியவன் உள்ளே புகுந்து நடமாடுகின்றான். ஆதலின் இத்தகைய சுவைஞர் புதிய கதைக்காகக் காத்திருக்கின்றாரல்லர். அறிந்த கதைக்குள் தமக்கும் ஓரிடம் கிடைக்குமா என்றே காத்திருக்கின்றனர். இதற்குப் ‘போக்கிமான்’ வரலாற்றினும் தெளிவான எடுத்துக்காட்டு யாம் அறிந்தவற்றுள் வேறில்லை.

நின்டெண்டோ நிறுவனம் 1989ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘கேம் பாய்’ என்னும் கைக்கருவியை ஜப்பானில் வெளியிட்டது. குன்பெய் யோகோய் என்பவரின் குழுவினர் அதனை ஆக்கினர். நான்கு சிறு பாட்டரிகளால் இயங்கிய அக்கருவியின் திரை அகலத்தில் 160 புள்ளிகளும் உயரத்தில் 144 புள்ளிகளும் உடையது. வண்ணம் இல்லை, ஒரே நிறத்தின் நான்கு சாயல்களே உண்டு. எனினும் இரண்டு கருவிகளை ஒரு கம்பியால் இணைத்து இருவர் ஆடலாம். இளமையிற் பூச்சிகளைப் பிடித்துச் சேர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டிருந்த சதோஷி தஜிரி என்பவர், அக்கம்பியின் வழியே உயிர்கள் ஒரு கருவியினின்று மற்றொன்றுக்குச் செல்வதாகக் கற்பனை செய்தார். அக்கற்பனை பல்லாண்டு உழைப்பின்பின் 1996 பிப்ரவரி 27ஆம் நாள் ‘சிவப்பு’, ‘பச்சை’ என்னும் இரண்டு விளையாட்டுகளாக வெளிவந்தது. 151 வகை விந்தை உயிர்களைத் தேடிப் பிடித்துப் பந்துகளில் அடைத்து வளர்த்துப் போட்டியிடச் செய்வதே அவ்விளையாட்டு. ஒன்றிற் கிடைக்கும் உயிர்களுட் சில மற்றொன்றிற் கிடையா. ஆதலின் நண்பரோடு மாற்றிக்கொண்டாலன்றித் தொகுதி நிறைவுறாது.

அவ்விளையாட்டைத் தழுவிய அனிமே 1997 ஏப்ரல் முதல்நாள் டோக்கியோ தொலைக்காட்சியில் தொடங்கியது. தஜிரியின் பெயரையே தாங்கிய சதோஷி என்னும் சிறுவன் அதன் தலைவன். ஆங்கில வடிவில் அவன் பெயர் ஆஷ். தனக்குரிய முதற் துணையைப் பெறவேண்டிய நாளில் அவன் நெடுநேரம் உறங்கிவிடுகின்றான். பிறர் கொண்டுசென்றவை போக எஞ்சியது மின்னாற்றல் உடைய பிகாச்சு என்னும் மஞ்சள் நிறச் சிற்றுயிர். அது பந்துக்குள் புக மறுக்கின்றது. தலைவனையே மின்னால் தாக்குகின்றது. பறவைக் கூட்டம் சூழ்ந்து தாக்கியபோது சிறுவன் தன் உடலையே அதற்குக் காவலாக நிறுத்துகின்றான். அன்றுமுதல் இருவரும் பிரியாத் தோழராயினர்.

இங்கே நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முன் வந்த விளையாட்டில் பிகாச்சுவுக்குத் தனிச்சிறப்பு யாதுமில்லை. ஒரு காட்டில் அரிதாய்த் தென்படும் பல உயிர்களுள் அதுவும் ஒன்று. பிடித்தபின் ஏனையவற்றைப் போலவே அது பந்துக்குள் அடங்கிக் கிடக்கும். ‘இடிக்கல்’ ஒன்றைக் கொடுத்தால் அது ரைச்சு என்னும் வலிய உயிராக மாறிவிடும். வெற்றியை விரும்புவோன் அங்ஙனம் மாற்றுவதே முறை. அனிமேயைக் கண்ட சிறுவன் மீண்டும் தன் கேம் பாயை எடுத்தபோது, திரையிற் கண்ட தோழனை அதனுள்ளே காணவில்லை. பெயர் இருந்தது, உருவம் இருந்தது, தோழமை இல்லை. விளையாட்டிலிருந்து பிறந்த கதை அவ்விளையாட்டிலேயே ஒரு குறையைத் தோற்றுவித்தது. அக்குறையிலிருந்து எழுந்ததே சுவைஞரின் எதிர்பார்ப்பு.

அக்காலத்து நிகழ்ச்சிகள் இரண்டு அவ்வெதிர்பார்ப்பைப் பெருக்கின. 1997 டிசம்பர் 16ஆம் நாள் ஒளிபரப்பான பகுதியில் செந்நிறமும் நீலநிறமும் விரைந்து மாறிமாறி மின்னின. அதனைக் கண்ட சிறுவருட் பலர்க்கு வலிப்பும் மயக்கமும் உண்டாயின. 600க்கு மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தொடர் உடனே நிறுத்தப்பட்டு நான்கு திங்கள் கழித்து 1998 ஏப்ரலிலேதான் மீண்டது. அந்நான்கு திங்களும் சுவைஞர்க்குத் தோழன் இல்லாக் காலமே. மற்றொன்று, 1997 நவம்பரில் ஒரு கண்காட்சியில் ‘பொன்’, ‘வெள்ளி’ என்னும் புதிய விளையாட்டுகள் காட்டப்பெற்றமை. கண்டோர் விரைவில் வரும் என்று நம்பினர். கார்காலம் வந்தும் தலைவன் வாரா முல்லைப் பாட்டைப் போல அவற்றின் வருகை நீண்டுகொண்டே போயிற்று. 1999 நவம்பர் 21ஆம் நாள்தான் அவை வெளிவந்தன.

அவ்விடைக் காலத்தில், 1998 செப்டம்பர் 12ஆம் நாள், ஜப்பானில் பிகாச்சுவின் பெயரையே தாங்கி ஒரு விளையாட்டு வெளிவந்தது. பிற நாட்டார் அதனை ‘மஞ்சள்’ என்று அறிவர். பழைய நிலப்பரப்பும் பழைய ஊர்களுமே அதிலும் இருந்தன. ஆயினும் சுவைஞர் விரும்பியது யாதென ஆக்கியோர் செவ்வனே உணர்ந்திருந்தனர் என்பதற்கு அதன் ஒவ்வொரு மாற்றமும் சான்றாகும்.

முதலாவது, பிகாச்சு பந்துக்குள் இருப்பதில்லை; ஆடுவோன் செல்லுமிடமெல்லாம் அவன் பின்னே நடந்து வருகின்றது. திரும்பி நின்று பேசினால் அதன் முகம் திரையில் தோன்றி மகிழ்ச்சியோ வருத்தமோ சினமோ காட்டும். மருந்தளித்துப் பேணி, வளர்த்து வந்தால் அதன் அன்பு மிகும்; போரில் மயங்கி விழவிட்டாலும், கணினிப் பெட்டிக்குள் ஒதுக்கி வைத்தாலும் அன்பு குறையும். இரண்டாவது, அனிமேயில் அதற்குக் குரல் கொடுத்த இகுவே ஒதானி என்னும் நடிகையின் குரலையே அச்சிறு கருவியில் ஒலிக்கச் செய்தனர். ஏனைய உயிர்கள் கருவிக்கியல்பான ஓசையிற் கூவ, பிகாச்சு மட்டும் தன் பெயரைத் தானே சொல்லிற்று.

மூன்றாவதே மிகச் சிறந்தது. அனிமேயின் ஒரு பகுதியில், ரைச்சு ஒன்றிடம் தோற்றுப் புண்பட்டுக் கிடக்கும் பிகாச்சுவிடம் சதோஷி இடிக்கல்லை நீட்டுகின்றான்; வலிமை பெற விரும்பினால் மாறிக்கொள் என்கின்றான். பிகாச்சு அதனைத் தள்ளிவிடுகின்றது. கண்டோர் நெஞ்சில் நின்ற அக்காட்சியை ஆக்கியோர் விளையாட்டில் ஒரு விதியாகவே வைத்துவிட்டனர். ஆடுவோன் எத்தனை முறை இடிக்கல்லைக் கொடுத்தாலும் அவனுடைய பிகாச்சு ஏற்பதில்லை. கதையில் ஒருமுறை நிகழ்ந்த ஒரு மறுப்பு, விளையாட்டில் அவ்வுயிரின் மாறாத குணமாயிற்று. கதையை விளையாட்டாக்குதல் என்பதன் முழுப் பொருளும் இவ்வொன்றில் அடங்கியுள்ளது என்போம்.

அனிமேயிற் கண்ட ஏனைய செய்திகளும் ஆங்காங்கே அமைந்தன. புல்பசோர், சார்மண்டர், ஸ்குவர்ட்டில் என்னும் மூன்றுயிர்களும் சதோஷியை வழியில் வந்தடைந்தவாறே ஆடுவோனையும் வந்தடைகின்றன. இவற்றுள் புல்பசோரை வளர்க்கும் பெண், பிகாச்சு அவன்பால் அன்புடையதாயிருந்தாலன்றி அதனை அளிப்பதில்லை. நகைச்சுவைக்கிடமான ஜெஸ்ஸி, ஜேம்ஸ் என்னும் திருடர் இருவரும் தம் பேசும் பூனையுடன் எதிர்ப்படுகின்றனர்.

கதைக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடும் இதில் விளங்கும். முதற் போட்டியில் எதிர்நிற்கும் ப்ராக் என்பான் பாறை உயிர்களை உடையவன். அவற்றின்மீது மின்னாற்றல் செல்லாது. அனிமேயில் பிகாச்சுவின் மின்பொறியால் தீப்பற்ற, தீயணைக்கும் நீர் கூரையிலிருந்து பொழிய, பாறை உயிர் நனைந்து வலியிழந்தது. கதை சொல்வோன் வேண்டுமிடத்து மழையை வருவிக்கலாம். விளையாட்டு அங்ஙனம் செய்தல் முறையன்று. விதி எவர்க்கும் ஒன்றே. ஆகவே ஆக்கியோர் மழையைத் தராமல், அருகிலுள்ள புல்வெளியில் பாறையை வெல்லத்தக்க வேறுயிர் ஒன்றைப் பிடிக்க வழிவைத்தனர். கதைத்தலைவன் நற்பேற்றால் வென்றதை ஆடுவோன் தன் முயற்சியால் வெல்லவேண்டியிருந்தது. இதனால் விளையாட்டு கதைக்குத் துரோகம் செய்ததன்று. தன் இயல்புக்கேற்ப அதனை மொழிபெயர்த்தது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதிலும் கருத்தறிந்து பெயர்ப்பதே சிறந்த மொழிபெயர்ப்பு என்பதை இலக்கிய மாணவர் அறிவர்.

எதிர்பார்ப்பை மதியாதவிடத்து நேர்வது யாதென்பதற்கும் வரலாறு உண்டு. 1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெரும்புகழ் பெற்ற ‘ஈ.டி.’ என்னும் திரைப்படத்தை அட்டாரி நிறுவனம் விளையாட்டாக்கியது. கிறிஸ்துமஸ் வாணிகத்துக்கு முந்துதல் வேண்டி ஏறக்குறைய ஐந்து வாரங்களில் அதனை முடிக்கச் செய்தனர். படத்தின் பெயரை நம்பிச் சிறுவர் வாங்கினர். படத்தில் தாம் நேசித்ததை விளையாட்டிற் காணாது சலித்தனர். விற்காது தேங்கியவை 1983இல் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ என்னும் ஊரருகே மண்ணிற் புதைக்கப்பட்டன. 2014இல் அவ்விடத்தைத் தோண்டி அவற்றை வெளிக்கொணர்ந்தனர். ‘மஞ்சள்’ விளையாட்டோ 1999 அக்டோபரில் அமெரிக்காவிலும் 2000 ஜூனில் ஐரோப்பாவிலும் வெளியாகி, உலகெங்கும் 1 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றது. இரண்டுக்கும் முன்னே நின்றது ஒரே வகை ஆர்வமே. ஒன்று அவ்வார்வத்தை விலைப்பொருளாக மட்டும் கருதியது. மற்றொன்று அதன் காரணத்தை உசாவியது.

‘மஞ்ச’ளை வெளியிட்டோரும் வாணிகரே யன்றோ எனின், ஆம். அவர்களும் பொருளீட்டவே வெளியிட்டனர். பழைய விளையாட்டைச் சிறிது மாற்றி மீண்டும் விற்றனர் என்று குறை கூறுதலும் கூடும். அக்குறையை நாம் மறுக்கவில்லை. எனினும் சிறுவன் சேமித்து வைத்த காசுக்கு ஈடாகப் பெற்றது யாதெனக் காண்டல் வேண்டும். நான்கு சாயல்களையே உடைய சிறு திரையில், தன் பின்னே நடந்துவரும் ஒரு தோழனை அவன் பெற்றான். அவன் திரும்பி நோக்கியபோது அதுவும் அவனை நோக்கியது. அவன் இத்தனை நாளும் காத்திருந்தது அதற்காகவே.

ஒரு விளையாட்டுக்காக ஆண்டுக்கணக்காய்க் காத்திருத்தல் பேதைமை என்று இகழ்வோர், காத்திருப்பின் உள்ளீடு யாதென ஆராய்தல் நலம். அன்பு கொண்ட ஒன்றினோடு அணுகிப் பழக விரும்புதலே அதன் உள்ளீடு. அவ்விருப்பம் சிறுவரிடம் தோன்றுவதாற் சிறியதாகிவிடாது. அதனை நம்பி வாணிகம் செய்வோர் பெயரை மட்டும் விற்றல் கடன் வாங்கி மறுத்தலோடு ஒக்கும். சுவைஞர் நேசித்தது இன்னதென்று தேர்ந்து, அதனையே செயலாக்கித் தருதல் வாங்கிய கடனைத் திருப்பியளித்தலாகும். கையடக்கக் கருவியாயினும் காவியமாயினும், ஆக்குவோர் இக்கடனை மறவாதிருத்தல் வேண்டும் என்பதே எம் துணிபு.