ஓடிக் கெட்டதைவிட நின்று கெட்டதே அதிகம்: ஆல்ஃபா ரோமியோ எஞ்சின் பற்றிச் சில குறிப்புகள்

1967-இல் வந்த 'தி கிராஜுவேட்' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிவப்பு நிறத் திறந்த கார் மறந்திருக்காது. படத்தின் கடைசியில் கதாநாயகன் காதலியின் கல்யாணத்தை நிறுத்த அந்தக் காரில் பறந்துகொண்டு போவான். வழியில் வண்டி நின்றுவிடும். இறங்கி ஓடுவான். அது ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். பழைய இத்தாலிய கார் என்றாலே 'அது எப்பவும் நடுரோட்டில் நிற்கும்' என்று ஒரு பேச்சு உண்டு, இல்லையா? ஆனால் படத்தில் வண்டி நின்றதற்கு எஞ்சின் காரணமில்லை. பெட்ரோல் தீர்ந்துபோச்சு, அவ்வளவுதான்.

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். என்னிடம் ஆல்ஃபா கிடையாது, வாங்கும் வசதியும் இல்லை. ஆனால் ஒரு எஞ்சின் எப்படி யோசித்துச் செய்யப்பட்டது என்று புரிந்தால், அதை ஏன் இப்படித்தான் பராமரிக்கணும் என்பதும் தானாகப் புரிந்துவிடுகிறது. அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1954-இல் டூரின் மோட்டார் கண்காட்சியில் ஜூலியெட்டா ஸ்பிரிண்ட் என்ற சின்ன கூபே காரை ஆல்ஃபா காட்டியது. அதற்குள் இருந்தது 1290 சிசி, நான்கு சிலிண்டர் எஞ்சின். 1962-இல் அது 1570 சிசி ஆனது. அறுபதுகளின் கடைசியில் 1779, 1971-இல் 1962 சிசி என்று வளர்ந்தது. அடிப்படை அமைப்பு மட்டும் மாறவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம் வரை, ஏறக்குறைய நாற்பது வருஷம், அதே குடும்பத்து எஞ்சின் ஓடியது. பந்தய மைதானத்திலும் ஓடியது, நாலு கதவு குடும்பக் காரிலும் ஓடியது, இத்தாலியப் போலீஸ் வண்டியிலும் ஓடியது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் அபூர்வப் பொருள் இல்லை இது. தினமும் உழைப்பதற்காகச் செய்தது.

இதில் என்ன விசேஷம்? அந்தக் காலத்தில் சாதாரணக் கார்களின் எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பில் இருக்கும். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒன்று கீழே இருக்கும், அதிலிருந்து நீளமான தடிகள் மேலே போகும். ஆல்ஃபா பிளாக்கையும் ஹெட்டையும் அலுமினியத்தில் வார்த்தது. ஹெட்டின் மேலேயே இரண்டு கேம் ஷாஃப்ட், அவற்றைச் சுழற்றச் செயின். சாதாரணக் கார்களில் அபூர்வமாகவே பார்க்கக்கூடிய அமைப்பு அது.

ஆனால் அலுமினியத்தில் நேரடியாகப் பிஸ்டன் ஓடினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு வார்ப்பிரும்புக் குழாயை, அதாவது லைனரை, பிளாக்குக்குள் இறக்கினார்கள். லைனரைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும். இதை 'வெட் லைனர்' என்பார்கள். தேய்ந்தால் லைனரையும் பிஸ்டனையும் உருவி எடுத்துவிட்டுப் புதுசு போட்டுக்கொள்ளலாம். பிளாக்கைக் கடையக் கொண்டுபோக வேண்டியதில்லை. அருமையான யோசனைதான்.

இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. ஒரே எஞ்சினுக்குள் இரண்டு உலோகம். சூடானால் அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதோடு, தண்ணீரில் இரும்பும் அலுமினியமும் ஒன்றாக நின்றால் பேட்டரியில் நடப்பது போல ஒரு வேதிவினை மெதுவாக நடந்து அலுமினியத்தை அரிக்கும். இந்த எஞ்சினின் பராமரிப்பு விதிகளில் பாதி இந்த இரண்டு வரிகளிலிருந்து வந்தவைதான்.

முதல் பத்து நிமிஷம்

காலையில் ஸ்டார்ட் செய்கிறீர்கள். பிஸ்டன் அலுமினியம், லைனர் இரும்பு. எடுத்தவுடன் ஆக்ஸிலரேட்டரை மிதித்து ரேஸ் பண்ணினால் பிஸ்டன் சட்டென்று சூடாகி விரியும். லைனர் அந்த வேகத்துக்கு விரியாது. இடையில் இருக்கும் மெல்லிய இடைவெளி குறைந்து பிஸ்டன் உரசும். ஆயிலோ இன்னும் கெட்டியாக இருக்கிறது, மேலே கேம் ஷாஃப்ட் வரை சரியாகப் போய்ச் சேர்ந்திருக்காது.

சரி, அப்போ நிறுத்தி வைத்தே கால்மணி நேரம் ஐட்லிங்கில் சூடாக்கலாமே என்றால், அதுவும் தப்பு. சோக் போட்டு ஓடும்போது பெட்ரோல் அதிகமாகப் போகிறது. எரியாத பெட்ரோல் லைனர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். சரியான வழி நடுவில் இருக்கிறது: ஸ்டார்ட் செய்து, ஆயில் பிரஷர் வந்ததும் ஒரு நிமிஷத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். 3000 சுற்றுக்கு மேல் போகாமல் நிதானமாக ஓட்ட வேண்டும்.

இன்னொன்றும் கவனிக்கணும். தண்ணீர் மீட்டர் நடுவுக்கு வந்துவிட்டதே என்று அவசரப்படக்கூடாது. தண்ணீர் முதலில் சூடாகும், ஆயில் பின்னாடிதான் வரும். இந்த எஞ்சினின் ஆயில் சம்ப் பெரிசு. அடியில் வரிவரியாக விலா எலும்பு போன்ற அமைப்போடு இருக்கும், ஆயிலைக் குளிர்விப்பதற்காக. நெடுஞ்சாலையில் அது வரம். குளிர்காலக் காலையில் அதுவே தாமதம்.

ஹெட் கேஸ்கெட்

ஆல்ஃபா வைத்திருப்பவர்கள் அதிகம் கவலைப்படும் இடம் இது. லைனரின் விளிம்பு பிளாக்கின் மட்டத்தைவிட மயிரிழை, அதாவது மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு, உயர்ந்து நிற்கலாம், தாழக்கூடாது. தாழ்ந்தால் கேஸ்கெட் அந்த விளிம்பைச் சரியாக இறுக்கிப் பிடிக்காது. ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இரும்பும் அலுமினியமும் வேறு வேறு அளவில் அசைவதால், கேஸ்கெட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. குளிர்ந்த எஞ்சினை விரட்டினால் இந்தத் தேய்மானம் இன்னும் வேகமாகும்.

அதோடு, பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஆயில் போகும் துளைகளைச் சுற்றிச் சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் உண்டு. வருஷக்கணக்கில் அந்த ரப்பர் இறுகிவிடும். எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் அதிகம் என்பதால் ஆயில் தண்ணீருக்குள் கசியும். அணைத்த பிறகு ஆயில் அழுத்தம் விழுந்துவிடும், சூடான தண்ணீரின் அழுத்தம் மிச்சமிருக்கும். அப்போது தண்ணீர் ஆயிலுக்குள் போகும்.

ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் உடனே பயப்பட வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், உள்ளே வியர்க்கும் ஈரத்தாலும் இப்படி நுரை வரும். ரேடியேட்டரையும் பாருங்கள், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. அங்கேயும் ஆயில் மிதந்தால், வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஹெட்டைக் கழற்றிய பிறகு ஒரு எச்சரிக்கை. லைனர்களை மேலிருந்து அழுத்திப் பிடிக்காமல் கிராங்கைச் சுற்றக்கூடாது. பிஸ்டனோடு லைனரும் மேலே வந்துவிடும். கீழே இருக்கும் சீல் போய்விடும். ஒரு வேலைக்குப் போய் மூன்று வேலையாகும்.

சத்தம் போடும் வால்வு நல்ல வால்வு

எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்த பகுதி இது. கேமுக்கும் வால்வின் தலையில் உட்காரும் டேப்பெட்டுக்கும் இடையே ஒரு இடைவெளி வேண்டும். மாடலைப் பொறுத்து ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் பக்கம் கொஞ்சம் அதிகம். சரியான எண்ணை அந்தந்த மாடலின் கையேட்டில்தான் பார்க்கணும். இந்த இடைவெளியால் லேசாக 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் எப்போதும் இருக்கும். தையல் மெஷின் மாதிரி.

நாம் என்ன நினைப்போம்? சத்தம் குறைந்தால் நல்லது என்று. இங்கே தலைகீழ். வால்வும் அது உட்காரும் இருக்கையும் தேயத் தேய, வால்வு மேலே ஏறி இடைவெளி குறைகிறது. சத்தமும் குறைகிறது. ஒரு கட்டத்தில் வால்வு முழுசாக மூடாது. மூடும்போதுதான் எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை ஹெட்டுக்குக் கொடுக்க முடியும். அது தடைபட்டால் விளிம்பு கருகிவிடும். அதனால் 'எஞ்சின் இப்ப ரொம்ப அமைதியா ஓடுது' என்று யாராவது சொன்னால், ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு போக வேண்டிய நேரம் அது.

அளப்பது சுலபம். இரவு முழுக்க ஆறிய எஞ்சினில், எட்டு வால்வையும் ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். சரிசெய்வதுதான் வேலை. திருகிச் சரிசெய்ய ஸ்குரூ கிடையாது. டேப்பெட்டுக்கு அடியில், வால்வின் நுனியில், ஒரு சின்னத் தொப்பி இருக்கும். அதன் தடிமனை மாற்றணும். அதற்குக் கேம் ஷாஃப்டையே கழற்றணும்.

கணக்கு எளிது. இருக்கும் தொப்பி 2.000 மில்லிமீட்டர், அளந்த இடைவெளி 0.40, வேண்டியது 0.50 என்று வைத்துக்கொள்வோம். பத்தில் ஒரு பங்கு மெல்லிய தொப்பி, அதாவது 1.900, போடணும். திரும்ப மாட்டும்போது கேம் ஷாஃப்டிலும் அதன் பேரிங் மூடியிலும் உள்ள அடையாளக் கோடுகள் நேராக இருக்கணும். இதில் வால்வுகள் அகலமான கோணத்தில் எதிரெதிரே சாய்ந்து நிற்பதால், தப்பான நிலையில் திருகினால் ஒன்றோடொன்று மோதும்.

இன்னொரு சேதி: பல மாடல்களில் எக்ஸாஸ்ட் வால்வின் தண்டுக்குள் சோடியம் அடைத்திருப்பார்கள். 98 டிகிரியில் அது உருகி, உள்ளே குலுங்கி, சூட்டைத் தலையிலிருந்து மேலே கடத்தும். பழைய வால்வு என்று அதை அறுத்துப் பார்க்கக் கூடாது. சோடியம் தண்ணீரைத் தொட்டால் தீப்பிடிக்கும்.

நிற்பதுதான் நோய்

இப்போது தலைப்புக்கு வருகிறேன். இவ்வளவும் படித்தால் இது ரொம்பச் செல்லம் கொஞ்ச வேண்டிய எஞ்சின், ஓட்டாமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்று தோன்றும். பல உரிமையாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். துணி போர்த்தி, கராஜில், வருஷத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட்.

நிற்கும் வண்டிக்குள் என்ன நடக்கிறது பாருங்கள். கூலண்டின் துருத்தடுப்புச் சக்தி வருஷங்களில் தீர்ந்துபோகும், அரிப்பு ஆரம்பிக்கும். ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் எஃகு ஸ்டட்களைச் சுற்றி அலுமினியம் அரித்து இறுகி, ஹெட்டைக் கழற்றவே முடியாமல் பட்டறைக்காரர்கள் நாள்கணக்கில் போராடுவது இந்த எஞ்சினில் பிரசித்தம். கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோல் வார்னிஷாகி ஜெட்டுகளை அடைக்கும். பெட்ரோலில் எத்தனால் இருந்தால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் கெடுக்கும். கார்புரேட்டரை ஹெட்டோடு இணைக்கும் ரப்பர் மவுண்டுகள் வெடிக்கும். வெடிப்பு வழியே காற்று புகுந்து கலவை மெலிந்து, எஞ்சின் தேவைக்கு மேல் சூடாகும். சும்மா ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து அணைப்பது இன்னும் மோசம். ஈரம் உண்டாகும், அதை ஆவியாக்கும் அளவுக்கு ஆயில் சூடாகாது.

ஆக, பட்டியல் சின்னதுதான். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது, ஆயில் நன்றாகச் சூடாகும்வரை, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். கிலோமீட்டர் ஆகவில்லை என்றாலும் வருஷத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். பழைய டேப்பெட்டுகளுக்குத் துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு உள்ள ஆயில் வேண்டும். இன்றைய கார்களுக்கான ஆயில்களில் அது குறைவு. கூலண்ட் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. கார்புரேட்டர் மவுண்டையும் பெட்ரோல் குழாயையும் விரலால் தடவி வெடிப்பு பாருங்கள். டேப்பெட் அளவு எட்டையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒரு வால்வின் எண் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், அது உங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறது.

இப்படி ஒரு வண்டியை வாங்க யாராவது யோசித்தால், 'குறைந்த கிலோமீட்டர், கராஜிலேயே இருந்தது' என்ற விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டாம். அந்த நோட்டைக் கேளுங்கள். நோட்டு இருந்து, வண்டி நிறைய ஓடியிருந்தால், அதுதான் நல்ல வண்டி.