பந்து எங்கே போச்சு, மாமா?

"பந்தே தெரியலைம்மா. கை ஆடுது, மட்டை ஆடுது, பந்து மட்டும் எங்கேயோ போயிடுது!"

2025 ஐ.பி.எல். ஆட்டங்கள் தொடங்கிய நாளிலிருந்து என் மாமனார் தினமும் சொன்ன புகார் இது. அவருக்கு வயது எழுபத்து நான்கு. கிரிக்கெட் என்றால் சாப்பாடு வேண்டாம். 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் நாம் 183 ரன்னை வைத்துக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளை 140-க்குச் சுருட்டிய கதையை எங்கள் வீட்டில் குழந்தைகள்கூட ஒப்பிப்பார்கள். அதே போட்டியில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் அவுட் ஆகாமல் எடுத்த 175 ரன்னுக்கு டி.வி. படமே கிடையாது என்பதை இன்றும் சொந்த நஷ்டம் மாதிரி சொல்லி வருத்தப்படுவார்.

அப்படிப்பட்டவர் குறை சொன்னால் வீடு சும்மா இருக்குமா? பழி முழுக்க இன்டர்நெட் மேல்தான் விழுந்தது. செலவைக் குறைக்கலாம் என்று மொட்டை மாடிக் குடைக்கான மாதக் கட்டணத்தை நிறுத்திவிட்டு, ஆட்டமெல்லாம் நெட் வழியாகப் பார்க்க ஏற்பாடு செய்தவர் இவர். "உன் சிக்கனத்தால்தான் எனக்குப் பந்து தெரியலை" என்று அப்பா பிள்ளையைச் சாடுவார். பிள்ளை என்னைப் பார்ப்பார். நான் தோசைக்கல்லைப் பார்ப்பேன்.

கோடை விடுமுறைக்குக் கோயமுத்தூரிலிருந்து என் தங்கை மகன் வந்தான். கம்ப்யூட்டர் படித்தவன். அவன் சொல்லித்தான் இந்த விஷயங்கள் எனக்குப் பிடிபட்டன. "பெரியம்மா, டி.வி.யில் எதுவுமே அசைவதில்லை. நின்ற படங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்" என்றான். பள்ளி நாளில் நோட்டுப் புத்தகத்து ஓரத்தில் பக்கத்துக்கொரு பொம்மை வரைந்து, விரலால் சரசரவென்று புரட்டி ஓடவிடுவோமே, அதே வித்தைதான். சினிமாவில் ஒரு வினாடிக்கு 24 படம். இந்த எண்ணிக்கையைத்தான் ப்ரேம் ரேட் என்கிறார்கள்.

நம் நாட்டுப் பழைய டி.வி.யில் படம் 625 வரிகளால் ஆனது. புள்ளிக் கோலத்தில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றை வரிசைகளை முதலில் இழுத்துவிட்டு, அடுத்த நடையில் இரட்டை வரிசைகளை இழுத்தால் எப்படி? அப்படியே அந்த டி.வி.யும் வரைந்தது. வினாடிக்கு 50 அரைப் படம், சேர்த்துப் பார்த்தால் 25 முழுப் படம். அரைப் படமானாலும் ஒவ்வொன்றும் வேறு வேறு கணத்தில் பிடித்தது. அதனால் அசைவு வினாடிக்கு 50 தடவை கண்ணுக்குக் கிடைத்தது. நெட்டில் வருவதோ எல்லாம் முழுப் படம். அந்த இரண்டு அரைகளை ஒட்டி ஒன்றாக்கி 25 முழுப் படமாக அனுப்பிவிட்டால், அசைவில் பாதி காணாமல் போய்விடுகிறது. ஒட்டுவதைச் சரியாகச் செய்யாவிட்டால், ஓடுகிறவர் உடம்போரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் வேறு நிற்கும்.

சமையல் நிகழ்ச்சிக்கோ சீரியலுக்கோ 25 படம் தாராளம். மாமியார் மருமகளை முறைக்கிறதற்கு எத்தனை படம் வேண்டும்? கிரிக்கெட் அப்படியில்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்து ஒரு வினாடியில் சுமார் 39 மீட்டர் போகிறது. வினாடிக்கு 25 படம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் பந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் தாவிவிடும். 50 படம் என்றால் முக்கால் மீட்டர்தான். பவுலர் கையை விட்டு பேட்ஸ்மேனிடம் வந்து சேர ஏறக்குறைய அரை வினாடி. அதற்குள் பன்னிரண்டு பதின்மூன்று தடவை பந்தைப் பார்ப்பதற்கும் இருபத்தைந்து தடவை பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டா, இல்லையா? அமெரிக்காவில் ஈ.எஸ்.பி.என். விளையாட்டுச் சேனல் 2003-ல் ஹெச்.டி. ஒளிபரப்பைத் தொடங்கியபோதே, வரிகள் 720 போதும், வினாடிக்கு 60 படம் இருக்கட்டும் என்றுதான் முடிவெடுத்தது. அவர்களுடைய மின்சாரமும் டி.வி.யும் 60 கணக்கு, நம்முடையது 50 கணக்கு.

"அப்படியானால் மாமா சொல்வது சரிதானே?" என்றேன்.

"பாதி சரி" என்றான் பையன்.

மீதியை அவன் விளக்கிய விதம் எனக்குப் பிடித்துப்போயிற்று. நாம் காலண்டரில் பால் கணக்கு எழுதுகிறோம். தினம் ஒரு லிட்டர் என்று முப்பது நாளும் எழுதுகிறோமா? கூடுதலாக வாங்கிய நாளையும் வாங்காத நாளையும் மட்டும்தானே குறிக்கிறோம்? நெட்டில் வீடியோவும் அந்தக் கணக்குத்தான். ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, அடுத்தடுத்த படங்களில் எது மாறிற்றோ அதை மட்டும் அனுப்புகிறார்கள். செய்தி வாசிப்பவருக்கு உதடு மட்டும்தான் மாறும், குறிப்பு கொஞ்சம். பவுண்டரிக்குப் பந்து பறந்து, காமிராவும் கூடவே திரும்பினால்? புல்லும் கூட்டமும் கொடியும் எல்லாமே ஒரே சமயத்தில் மாறும். அத்தனையையும் கொண்டுவர நெட் குழாய் பெரிதாக இல்லாவிட்டால், புல்தரை பச்சைக் கூழாகி, முகங்கள் கட்டம் கட்டமாக உடையும்.

இதில் இன்னொரு சூட்சுமம். ஆட்டத்தைச் சில வினாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பெரிது, நடுத்தரம், சிறியது என்று பல அளவில் தயாராக வைத்திருப்பார்கள். நம் வீட்டு டி.வி. குழாயில் எவ்வளவு வருகிறது என்று பார்த்து, குடத்தையோ சொம்பையோ நீட்டும். 'ஆட்டோ' என்று போட்டிருப்பது அதைத்தான். சொம்புக்கு இறங்கும்போது வரிகள் மட்டுமல்ல, பல இடங்களில் ப்ரேம் ரேட்டும் பாதியாகிவிடும். யூ டியூபில்கூட 60 படம் என்பது 720-க்கு மேலேதான், 480-க்கு இறங்கினால் கிடையாது. துண்டுகளை முன்கூட்டிச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டுவதால் தாமதம் வேறு. பக்கத்து வீட்டில் "அவுட்!" என்று கூரை பிய்யும், எங்கள் வீட்டில் பவுலர் அப்போதுதான் ஓடத் தொடங்கியிருப்பார். இது போதாதா மாமாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏற?

எங்கள் வீட்டில் வைஃபை பெட்டி இருந்த இடத்தைப் பையன் பார்த்தான். ஹாலில் இரும்பு பீரோவுக்குப் பின்னால்! ஒயர் அசிங்கமாகத் தெரிகிறதென்று நான்தான் ஒளித்து வைத்தேன். இரும்பு அலையை மறைக்கும் என்று யாருக்குத் தெரியும்? பெட்டியைப் பீரோவுக்கு வெளியே, உயரத்தில் ஷெல்பில் வைத்தோம். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையும் ஒரே அலைவரிசைக்காரர்கள், ஒன்று ஓடினால் மற்றது திணறலாம் என்று சொல்லி, டி.வி.யை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினான். டி.வி.யில் படங்களுக்கு நடுவே தானே கற்பனைப் படம் நுழைக்கிற ஒரு வசதி இருந்தது, அதையும் நிறுத்தினான். கடைசியில் குவாலிட்டியை உயர்த்தி வைத்தான். வீட்டு பிராட்பேண்ட் இருப்பதால் தைரியமாக வைத்தோம். செல்போன் டேட்டாவில் பார்ப்பவர்கள் ஜாக்கிரதை: 5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 2.25 ஜி.பி. போய்விடும். மூன்றரை மணி ஆட்டத்துக்கு ஏறக்குறைய 8 ஜி.பி.

அன்றைக்குப் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. தையல் தெரிகிற பந்து! நாங்களெல்லாம் மாமாவின் முகத்தையே பார்த்தோம்.

"பரவாயில்லை. ஆனால் விளக்கைச் சுத்தி என்ன வட்டமா இருக்கு? பந்து ஏன் பழுப்பா இருக்கு? இன்னும் சரியாகலைப்பா" என்றார்.

பையனும் இவரும் மறுபடி ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்தார்கள். எனக்கு மட்டும் வயிற்றைப் பிசைந்தது. தேதிக் காலண்டரில் நல்ல நேரத்தைக் கொஞ்ச நாளாகச் சின்னவளை விட்டுத்தான் படிக்கச் சொல்கிறார். போன வாரம் எதிரே வந்த வண்டி வெளிச்சத்தில் கண் கூசி, வேகத்தடையில் ஸ்கூட்டரைத் தூக்கிப் போட்டதாகச் சின்னவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எட்டு வயதுக் குழந்தை. டியூஷன் விட்டு இருட்டுகிற நேரத்தில் தினமும் இவர்தான் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வருகிறார்.

ஆட்டத்தை அப்படியே நிறுத்தச் சொன்னேன். "மாமா, இப்போ எதுவும் ஓடலை. கீழே ஸ்கோரைப் படியுங்க" என்றேன். தட்டுத் தடுமாறிப் படித்தார். "வலது கண்ணை மூடிக்கிட்டுப் படியுங்க" என்றேன். படித்தார். "இப்போ இடது கண்ணை மூடிக்கிட்டு..."

பதில் இல்லை.

டி.வி. ஒன்று, படம் ஒன்று, அதுவும் அசையாத படம். ஒரு கண்ணுக்குத் தெரிவது மற்றதற்குத் தெரியவில்லையென்றால் கோளாறு டி.வி.யில் எப்படி இருக்கும்? ஸ்ட்ரீமிங் கோளாறு அசைகிற இடத்தில்தான் அதிகம் தெரியும், வீட்டில் எல்லாருக்கும் தெரியும், நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும். கண்ணின் கோளாறு காலண்டர் வரை கூடவே வரும்.

"ஆபரேஷன்னு சொல்லிடுவாங்களோன்னுதாம்மா..." என்றார் மெதுவாக. அவருக்கு முன்னமே சந்தேகம் இருந்திருக்கிறது! நெட் மேல் பழியைப் போட்டுக் காலம் தள்ளியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. குழந்தையை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டியிருக்கிறாரே! அன்றே சாவியை வாங்கி அரிசி டப்பாவில் போட்டேன். மருமகள் செய்கிற காரியமா என்று அத்தை முகம் சுண்டிப் போயிற்று. போனால் போகட்டும்.

டாக்டர் சொன்னது இரண்டு கண்ணிலும் புரை, வலது கண்ணில் முற்றல். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆகக் கலங்கிப் பழுப்பாகிறது. விளக்கைச் சுற்றி வளையம், எதிர் வெளிச்சத்தில் கூச்சம், நிறம் மங்கல் எல்லாம் அதன் அடையாளங்களாம். சொட்டு மருந்தில் கரைவதில்லை. கலங்கியதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைக்க வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு வலது கண்ணுக்குச் செய்தார்கள். மாமா வருஷக்கணக்காகப் பயந்த ஆபரேஷன் அரை மணிக்குள் முடிந்து, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் எனக்கு வேலை: கை கழுவிவிட்டு வேளை தவறாமல் சொட்டு மருந்து, கண்ணில் தண்ணீர் படாமல் காவல், கசக்காமல் காவல். இரண்டு மாதம் கழித்து இடது கண்.

சாவியை டாக்டர் சம்மதித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன். சின்னவளை இப்போது நானே நடந்து போய்க் கூட்டி வருகிறேன்.

மாமா மறுபடி நாற்காலியைப் போட்டு ஆட்டம் பார்க்க உட்கார்ந்த முதல் நாள், ஐந்து ஓவர்கூட ஆகவில்லை. உள்ளேயிருந்து குரல்.

"ஏம்மா, பந்து பவுண்டரிக்குப் போகும்போது புல்லெல்லாம் கட்டம் கட்டமா உடையுதே, கவனிச்சியா? அந்தப் பையனுக்குப் போன் போடு. வைஃபை வேண்டாம், ஒயரே இழுத்துடச் சொல்லு!"