பன்னிரண்டால் வகுக்காதீர்கள்

வீட்டுக் கணக்கு எழுதச் சொல்லித் தரும் புத்தகங்கள் எல்லாம் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் முதல் வரியைத் தொடங்குகின்றன. கரும்பு போடும் குடும்பத்துக்கு ஒன்றாம் தேதி என்று எதுவும் கிடையாது. நட்டுப் பத்துப் பன்னிரண்டு மாதம் காத்திருந்து, ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தபின்தான் அறுவடை. பணம் அதற்கும் பிறகு. வரவு வருடத்துக்கு ஒருமுறை, செலவோ தினமும். வெட்டுப் பணம் வந்த கையோடு பைக் வாங்கினார்கள், ஆடியில் நகையை அடகு வைத்தார்கள் என்று ஊர் பேசும். ஊதாரித்தனம்தான் காரணம் என்பது எளிய தீர்ப்பு. பணம் வரும் நாளுக்கும் அது தேவைப்படும் நாளுக்கும் நடுவே கிடக்கும் தூரத்தை யாரும் கணக்கில் சேர்க்காததே உண்மையான சிக்கல் என்று நான் நினைக்கிறேன்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் செய்தது. அதே மனிதரிடம் அறுவடைக்கு முன்பும் பின்பும் புதிர்க் கணக்குகளைக் கொடுத்தார்கள்; முன்பு மதிப்பெண் குறைவாகவும் பின்பு கூடுதலாகவும் இருந்தது. ஆலை முறைவைத்து வெட்டு உத்தரவு தருவதால் ஒரே மாதத்தில் ஒருவர் கையில் பணம் இருக்கும், பக்கத்து வயல்காரர் கையில் இருக்காது. ஆகவே பருவநிலையைக் காரணம் காட்ட முடியாது. பணமுடை புத்தியையே அடைத்துக்கொள்கிறது என்றார்கள் ஆய்வாளர்கள். இதை எல்லோரும் ஏற்கவில்லை. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்பும் பின்பும் சோதித்து 2016-ல் வெளியான ஆய்வில் அப்படி வேறுபாடு தெரியவில்லை. சில நாள் இழுபறியையும் ஒரு வருடக் காத்திருப்பையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பது என் சந்தேகம். அது எப்படியானாலும், அதே ஆய்வின் இன்னொரு எண்ணில் சர்ச்சைக்கு இடமில்லை: அறுவடைக்கு முன் அடகு வைத்திருந்தவர்கள் 78 சதவீதம், பின் 4 சதவீதம்.

ஊதாரிகள் நூற்றுக்கு 78 பேர் இருந்து, வெட்டு முடிந்ததும் 4 பேராகிவிடுவார்களா? அடகுதான் அந்த வீடுகளின் பட்ஜெட். பணம் உள்ளபோது பவுன், இல்லாதபோது அடகுச் சீட்டு. இதில் ஒரு சாமர்த்தியமும் உண்டு. கையில் ரொக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் கைமாற்று கேட்டு உறவு வாசலில் நிற்கும், மறுக்க முடியாது. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடு என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்தப் பூட்டுக்கு வாடகை அதிகம். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டியில் 50,000 ரூபாயை ஆறு மாதம் வைத்திருந்தால் 6,000 ரூபாய் போய்விடும். சொந்தப் பணத்தையே தவணையில் எடுத்துச் செலவழிக்கக் கொடுக்கும் கூலி அது.

அந்தக் கூலியைக் குறைக்கும் வழி, பணம் வந்த வாரத்திலேயே அதைச் சம்பளமாக்கிவிடுவது. பயிர்க்கடனும் அடுத்த சாகுபடிச் செலவும் போக 1,80,000 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 15,000. அப்படி வகுப்பதுதான் தவறு. வெட்டு உத்தரவு ஒரு மாதம் தள்ளலாம், பட்டுவாடா இன்னொரு மாதம் தள்ளலாம். பதினான்கால் வகுத்தால் 12,857. 12,500 என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தத் தொகையையும் சேமிப்புக் கணக்கில் விடக் கூடாது, விட்டால் கரையும். வங்கியில் ஏழு நாளிலிருந்தே வைப்புநிதி போடலாம் என்பதால், ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, கடைசி இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று முதிர்வுத் தேதி பார்த்துப் பிரித்துப் போடலாம். உறவுக்காரர் கேட்டாலும் “ஐப்பசியில்தான் கைக்கு வரும்” என்று பொய்யில்லாமல் சொல்லலாம்.

வகுக்க மிச்சமே இல்லாதவர்கள் என்ன செய்வது? நியாயமான கேள்வி. இந்தியா, வங்கதேசம், தென்னாப்பிரிக்காவில் ஏழைக் குடும்பங்களின் வரவு செலவை ஒரு வருடம் பின்தொடர்ந்து எழுதப்பட்ட ‘போர்ட்ஃபோலியோஸ் ஆஃப் தி புவர்’ என்ற நூல் 2009-ல் வந்தது. மிகக் குறைந்த வருமானத்திலும் சேமிப்பும் கடனும் சேர்ந்தே நடப்பதை அது காட்டியது. சீட்டு, மளிகைக் கடைப் பற்று, குழுச் சேமிப்பு என்று பணம் ஓயாமல் கைமாறுகிறது. ஏழைக்கும் மிச்சம் பிடிக்கத் தெரியும்; அதைப் பத்திரமாக வைக்கத்தான் இடம் போதவில்லை. மீனவர்களுக்கு அப்படி ஓர் இடம் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. மீனவர் தவணையாகச் செலுத்தும் 1,500 ரூபாயோடு மத்திய, மாநில அரசுகள் தலா 1,500 சேர்த்து, தொழில் மந்தமான மாதங்களில் 4,500 ஆகத் திருப்பித் தரும் திட்டமும் உண்டு. தொகை சின்னதுதான், பொறிமுறை சரி. கரும்புக்கு இப்படி ஒன்று ஏன் கூடாது?

ஆனால் எந்த வகுத்தலும் ஆலையின் தாமதத்துக்கு ஈடுகொடுக்காது. கரும்பு வந்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று 1966-ன் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அந்த வட்டி ஒழுங்காகக் கைக்கு வந்தாலும், அதே நாட்களில் விவசாயி அடகுக் கடையில் கட்டுவது ஆண்டுக்கு 24 சதவீதம். நடுவில் உள்ள 9 சதவீதத்தை இன்று அந்த வீட்டின் அடுப்படிதான் சுமக்கிறது.