மோட்டார் கொட்டகையில் கவனிக்க வேண்டியவை

பயிர் தண்ணீருக்கு ஏங்கும் கோடையில்தான் பம்புசெட்டு மோட்டாரும் எரிகிறது. காயில் கட்டி வரப் பத்து நாள் ஆகிவிட்டால், பூவும் பிஞ்சுமாக நிற்கும் மிளகாய் என்னாவது? தமிழகத்தில் விவசாய மின்சாரத்திற்குக் கட்டணம் இல்லை. காயில் கட்டும் கூலி உண்டு! மோட்டாரைக் குறை சொல்வது வழக்கம். ஆனால் பல இடங்களில் குறை இருப்பது மோட்டாரில் அல்ல, கொட்டகைச் சுவரில் மாட்டிய பலகையில்தான்.

மும்முனை மோட்டாருக்கு, மூன்று பேஸ்களையும் ஒரே கைப்பிடியில் துண்டிக்கும் இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சே ஏற்றது. அதிலுள்ள பீங்கான் பியூஸ் கட்டைகளில் வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியைத்தான் கட்ட வேண்டும். அவசரத்திற்கு அலுமினிய ஒயரின் இழையையோ, வேலிக் கம்பியையோ முறுக்கிவிடுவோர் உண்டு. பிறகு ஷார்ட் ஆகும்போது பியூஸ் நிற்கும், ஒயர் எரியும். சரியான அளவுக் கம்பியில் சில முழம் வாங்கிக் கொட்டகையிலேயே வைத்திருந்தால் இந்த நிலை வராது.

பியூஸ் சரியாக இருந்தால் மோட்டார் தப்பிவிடும் என்று எண்ணுவதும் தவறு. 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். நேரடியாகக் கிளப்பும் நொடியில் அதைப்போல் ஆறு மடங்கு வரை இழுக்கும். பியூஸ் அதைத் தாங்கியாக வேண்டும். எனவே ஓடும்போது ஒரு பேஸ் போய், மற்ற இரண்டில் 12, 13 ஆம்பியர் பாய்ந்தாலும் பியூஸ் சும்மா இருக்கும், காயில் கருகும். இதைத் தடுக்க வேண்டியது ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலே.

ரிலேயின் திருகை மோட்டார் தகட்டில் எழுதியுள்ள ஆம்பியருக்கு நேராக வைக்க வேண்டும். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று உச்சத்திற்குத் திருப்பிவிடுவது, காவல்காரனைத் தூங்க வைப்பதற்குச் சமம். பெரும்பாலான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர்களில் கணக்கு வேறு. அங்கு தகட்டு அளவில் 58 சதவீதம் வைத்தால் போதும். 14 ஆம்பியர் மோட்டாருக்கு 8 ஆம்பியர்தான். இதை அறியாமல் 14-இல் வைத்துள்ள கொட்டகைகள் ஏராளம்.

மின்சாரம் நின்றால் ஸ்டார்ட்டரைத் தானாக விடுவிப்பது நோ-வோல்ட் காயில். இரவில் எழுந்து போகச் சோம்பிப் பச்சைப் பொத்தானில் குச்சியைச் செருகி வைக்கிறார்கள். மின்சாரம் இரண்டு பேஸில் மட்டும் திரும்பினால், மோட்டார் சுற்றாமல் உறுமியே எரியும். மூன்று பேஸிலும் திரும்பினாலோ, கரண்டு இல்லை என்று பம்பைப் பிரித்துக்கொண்டிருப்பவரின் கை போகும். கிணற்றில் இறங்குபவர் மெயினை அணைத்து, மூன்று பியூஸ் கட்டைகளையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

ஒயர்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குவது அவசியம். செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்கி இணைத்தால், ஈரத்தில் பூத்து இணைப்புச் சூடேறும். இரண்டுக்கும் பொருந்தும் லக் கடைகளில் கிடைக்கிறது.

உயிரைக் காப்பது எர்த். மோட்டார் உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் கம்பிகள் வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் மெயின் பெட்டிக்கும் அவசியம். கிணற்றுக்குள் இரும்புக் குழாய் இருந்த காலத்தில் அதுவே ஓரளவு எர்த்தாக உதவியது. இப்போது பி.வி.சி. குழாய், அந்த உதவி இல்லை. நாற்றங்காலிலிருந்து ஈரக் காலோடு வந்து ஸ்டார்ட்டரைத் தொடும் பெண்களும் பிள்ளைகளும் இந்த ஒரு கம்பியை நம்பித்தான் தொடுகிறார்கள். 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரண்டரை மீட்டர் கால்வனைஸ் குழாயைச் செங்குத்தாகப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு நிரப்ப வேண்டும். எலி கடித்தோ, மண்வெட்டி பட்டோ எர்த் கம்பி அறுந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பதும், கோடையில் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவதும் அவசியம்.