வேலை தீவில், குடியிருக்க எவ்வூர்?

கோயில் இல்லாத ஊரில் குடியிருத்தல் ஆகாது என்பது முன்னோர் சொல்லிச் சென்ற முதுமொழி. தைப்பூசத் திருநாளில் இரதத்தைக் காணத் திரளும் மெய்யன்பர்களுள் அம்மொழியைக் கேட்டறியாதவர் எவரும் இரார். ஆயினும், பிழைப்பின் பொருட்டு ஊர் மாற நேரும்போது அதனை நினைவிற்கொண்டு முடிவெடுப்போர் எத்தனை பேர்? சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்னும் இரண்டு கணக்குகளோடு பலருடைய ஆராய்ச்சி முடிந்துவிடுகின்றது. மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. அதனைப் போடத் தவறிய குடும்பங்கள் ஓரிரு ஆண்டுகளுக்குள் மீண்டும் மூட்டை கட்டுவதைப் பல இடங்களில் காண முடிகின்றது.

நான்கும் நடைதூரத்தில் இருந்த காலம்

மலேசியத் தமிழரின் பாட்டன்மார் தாம் வாழும் ஊரைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். ஒப்பந்தமோ கங்காணியோ கொண்டுபோய்ச் சேர்த்த தோட்டமே அவர்களுக்கு ஊராயிற்று. ஒப்பந்தக் கூலிகளாக ஆள் சேர்ப்பது 1910-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938-ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதுவரை கப்பலேறி வந்தவர்கள் லயத்து வீட்டில் பாயை விரித்த கையோடு, ஏதேனும் ஒரு மரத்தடியில் கல்லையோ சூலத்தையோ நட்டு, மாரியம்மன் என்றும் முனீஸ்வரர் என்றும் பெயரிட்டு விளக்கேற்றினார்கள். தமக்கென வாய்த்த ஊரில் கோயில் இல்லையாயின், கோயிலை அவர்களே உண்டாக்கினார்கள்.

பள்ளியும் பின்தொடர்ந்தது. 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்தப்பட வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆக, தோட்டம் என்பது எத்தனையோ துன்பங்களின் நடுவிலும் வேலை, வீடு, கோயில், பள்ளி ஆகிய நான்கும் நடைதூரத்தில் அமைந்த ஊராக இருந்தது.

இரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடம் விட்டபோது, அந்த நான்கும் நான்கு திசைகளில் சிதறின. இன்று வேலை நிமித்தம் இடம்பெயரும் ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டியது, சிதறிய அந்நான்கையும் கூடுமானவரை மீண்டும் ஓரிடத்தில் சேர்ப்பதேயாகும். ஊர் தேர்வது என்பதன் உட்பொருள் இதுதான்.

ஒரு தாயின் கேள்வி

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் அனுபவம் இதற்குச் சான்று. குடும்பத் தலைவர் இயந்திரப் பராமரிப்புத் தொழில்நுட்பர். பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் அவருக்கு நல்ல வேலை கிடைத்தது. 1972-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்தத் தடையற்ற வாணிப வட்டாரம், அரைநூற்றாண்டுக் காலமாக வடமாநிலங்களின் இளைஞர்களை ஈர்த்து வருகின்ற ஒன்று. சுங்கை சிப்புட்டிலிருந்து நாள்தோறும் போய்வர இயலாத தொலைவு. மனைவி, முதலாம் ஆண்டில் சேரவிருந்த மகள், மூன்று வயது மகன், கணவனை இழந்த முதிய தாய் ஆகியோருடன் அவர் குடிபெயர வேண்டியிருந்தது.

வாடகை விளம்பரங்களை மேசைமீது பரப்பி வைத்துக்கொண்டு கணவனும் மனைவியும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், தாயார் ஒரு கேள்வி கேட்டார்.

“ஐயா, அங்கே கோயிலுக்கு நான் நடந்தே போகலாமா?”

“காரில் கூட்டிக்கொண்டு போகிறேன் அம்மா,” என்றார் மகன்.

“நீ வேலைக்குப் போன பிறகு?”

மகனிடம் விடையில்லை. “அத்தை சொல்வதுதான் சரி. முதலில் அதைப் பார்ப்போம்,” என்றார் மருமகள். அன்றிரவு முதல் அவர்களுடைய தேடல் வேறு வழியில் சென்றது.

தீவா, பெருநிலமா?

முதலில் அவர்கள் எண்ணியது தீவைத்தான். தெய்வ மணம் கமழும் இடம் அது. ஜார்ஜ்டவுன் குயின் ஸ்திரீட்டில் 1833-ஆம் ஆண்டு எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயமும், 500-க்கும் மேற்பட்ட படிகளின் உச்சியில் அருள்பாலிக்கும் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி ஆலயமும் அங்கேதான் உள்ளன. வேலையிடம் மிக அருகில். சுங்கை ஆராவில் தமிழ்ப்பள்ளியும் உண்டு. ஆனால், தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதிகளில் அவர்களுடைய வருமானத்துக்கு எட்டியது அடுக்குமாடியின் பன்னிரண்டாம் தளத்தில் இரண்டு அறை வீடு. வாழ்நாள் முழுதும் வாசலில் கோலமிட்டு, வேலியோரம் நின்று அண்டை வீட்டாருடன் பேசிப் பழகிய மூதாட்டிக்கு அது வீடாகுமா, கூண்டாகுமா என்ற ஐயம் எழுந்தது. வரலாற்றுப் புகழ்மிக்க ஆலயங்கள் தீவிலேயே இருந்தபோதிலும், அந்த வீட்டிலிருந்து அவற்றுக்கு வாகனமின்றிச் செல்ல இயலாது.

அடுத்து எண்ணியது, கெடா மாநிலத்தின் சுங்கைப் பட்டாணி. சுப்பிரமணியர் தேவஸ்தானமும் அதன் தைப்பூசப் பெருவிழாவும் வடக்கில் புகழ்பெற்றவை. அதே வாடகையில் விசாலமான தரைவீடு கிடைக்கும். ஆனால், பலர் எண்ணிப் பாராத ஓர் இடர்ப்பாடு அங்கு உண்டு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; பினாங்கில் சனியும் ஞாயிறும். வெள்ளிக்கிழமை பிள்ளைகள் வீட்டிலிருப்பர், தந்தை ஆலையில் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை தந்தை வீட்டிலிருப்பார், பிள்ளைகள் பள்ளியில் இருப்பர். குடும்பம் முழுவதும் ஒன்றாக இருக்கக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றே. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா போன்ற கெடா வேலையிடங்களுக்குச் செல்வோர் பினாங்கில் குடியிருந்தால், இதே சிக்கல் தலைகீழாக நேரும். மாநில எல்லையைக் கடந்து வேலைக்குச் செல்வோர், இரு மாநிலங்களின் விடுமுறைப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தல் நலம். தைப்பூசம் பினாங்கு, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் முதலிய மாநிலங்களில் பொது விடுமுறை. நாடு முழுமைக்கும் அவ்வாறில்லை. சரவாக்கில் தீபாவளிக்குங்கூடப் பொது விடுமுறை இல்லை.

மூன்றாவதாக, பத்து காவான், சிம்பாங் அம்பாட் பகுதி. 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதம் திறக்கப்பட்ட பின்னர், செம்பனைக் காடாயிருந்த இடங்களில் வரிசை வரிசையாகப் புதிய வீடுகள் எழுந்தன. பாலத்தின் மறுமுனை பத்து மாவுங். அங்கிருந்து பாயான் லெப்பாஸ் மிக அருகில். வேலைக்குச் செல்பவருக்கு இதைவிட வசதியான இடமில்லை. ஆனால், வாகனம் ஓட்டத் தெரியாதவர்களுக்கு அங்கு நாள் முழுதும் வீட்டுச் சிறைதான் என்பதை, ஒரு வேலைநாள் முற்பகலில் அப்பகுதியைச் சுற்றிப் பார்த்த மருமகள் உணர்ந்துகொண்டார். கடைக்கும் மருந்தகத்துக்கும் கோயிலுக்கும் கார் வேண்டும். இருந்த ஒரே காரோ ஆலை வாசலில் நிற்கும்.

கடைசியாக எஞ்சியது பட்டர்வொர்த், பிறை வட்டாரம். பழைய ஊர், பழைய வீடுகள். ஆனால், பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை பெருநிலத்திலேயே அமைந்துள்ளன. துறைமுகத்திலும் இரயில்வேயிலும் பணிபுரிந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதி அது. ஈப்போவுக்குச் செல்லும் இரயில் பாதை அங்கிருந்தே புறப்படுகின்றது. சொந்த ஊருக்குச் சென்றுவர அது ஒரு வசதி. குறை ஒன்றே: 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் பாலம். 1985-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அப்பாலத்தில் காலையும் மாலையும் வாகனங்கள் ஊர்ந்தே செல்லும். கார்களுக்குத் தீவை நோக்கிச் செல்லும்போது டோல் கட்டணம் உண்டு. பெர்ரியிலோ 2021 முதல் கார்களுக்கு இடமில்லை. மோட்டார் சைக்கிள்களுக்கு 2019 முதல் பாலத்தில் கட்டணமில்லை என்பது உண்மையே. எனினும், அடைமழையிலும் பலத்த கடற்காற்றிலும் இரவு வேலை முடித்து அதில் திரும்புவது உயிரைப் பணயம் வைப்பதற்கொப்பாகும்.

வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம்

முடிவெடுக்குமுன் அக்குடும்பம் ஒன்று செய்தது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வாடகைக்குப் பார்த்த வீட்டின் அருகிலிருந்த சிறிய மாரியம்மன் ஆலயத்துக்குச் சென்று, பூசை முடிந்த பின்னும் மண்டபத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார்கள். ஊர் தேடும் ஒவ்வொருவரும் பின்பற்றத் தக்க வழி இது. ஓர் ஊரின் இயல்பை விளம்பரத் தாளைவிட அதன் ஆலய மண்டபம் தெளிவாக எடுத்துரைக்கும்.

முதியவர்கள் எப்படி வந்து சேர்கின்றார்கள்? நடந்தா, பிறர் வாகனத்திலா? பிள்ளைகள் வருகின்றார்களா? தேவார வகுப்பு நடைபெறுகின்றதா? அறிவிப்புப் பலகையில் நேற்றைய செய்தி உள்ளதா, மூன்றாண்டுக்கு முந்தைய திருவிழா அழைப்பு வெளுத்துத் தொங்குகின்றதா? அர்ச்சனைச் சீட்டு எழுதுபவர் புதியவரைப் பார்த்து ஒரு சொல் பேசுகின்றாரா? இவற்றுக்குரிய விடைகளில் அந்த ஊரே அடங்கியிருக்கும்.

மேலும் ஒன்று கேட்டறிதல் வேண்டும். ஆலயம் நிற்கும் நிலம் யாருடையது? தோட்டக் காலத்தில் எழுந்த எத்தனையோ கோயில்கள் பிறர் நிலத்தில் நிற்கின்றன. நிலம் கைமாறும்போது கோயிலும் இடம்பெயர நேரிடுகின்றது. கோயிலை நம்பி வீடு வாங்க எண்ணுவோர், இதனை நிர்வாகத்தாரிடம் பணிவோடு விசாரித்துத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

அன்று மாலை அவர்களுக்கு வேறொரு நன்மையும் விளைந்தது. இந்தியர்களுக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்ட கசப்பு அதற்கு முன் இரண்டு இடங்களில் அவர்களுக்கு நேர்ந்திருந்தது. பார்த்துவைத்திருந்த வீடும் கைக்கு வராமற்போகும் நிலையில் இருந்தது. மண்டபத்தில் பேச்சுக் கொடுத்த முதியவர் ஒருவர், இரண்டு தெரு தள்ளித் தமக்குத் தெரிந்தவரின் வீடு காலியாக இருப்பதைச் சொல்லி, அப்போதே உடன் நடந்து சென்று காட்டினார். பழைய தரைவீடுதான், கூரையில் ஓரிடத்தில் ஒழுகலும் இருந்தது. ஆனால், கோயில் ஏழு நிமிட நடை. தமிழ்ப்பள்ளி பதினைந்து நிமிட நடை.

விலையும் பயனும்

இத்தேர்வு இலவசமாக வரவில்லை. கணவர் மோட்டார் சைக்கிளை விடுத்து ஆலைப் பேருந்தில் செல்கின்றார். விடியுமுன் புறப்பட வேண்டும். தீவில் குடியிருக்கும் சக ஊழியரைவிட நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அவருக்குப் பயணத்தில் கழிகின்றது. நான்கையும் ஒரே இடத்தில் சேர்க்க முயன்று, மூன்றை நடைதூரத்தில் வைத்து, நான்காவதைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார் அவர். வீட்டில் பகல் முழுதும் இருப்பவர்கள் மூவர். பயணம் செய்பவர் ஒருவர். அந்த ஒருவர் ஏற்கும் சிரமம் மற்றவர்களுடைய நாளை நிறைக்கின்றது என்பதே அவர்களுடைய கணக்கு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இந்தக் கணக்கு ஒன்றாகவே இராது. முதியவரோ பிள்ளைகளோ இல்லாத இளந்தம்பதியருக்குத் தீவே பொருந்தக்கூடும். எதுவாயினும், வீடு வாங்குமுன் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்ப்பது அறிவுடைமை. பள்ளிப் பதிவை வேலையில் சேர்ந்த பின் பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிப்போடுதல் ஆகாது. முதலாம் ஆண்டுக்கான பதிவு முன்கூட்டியே நடைபெறுவதால், ஊரை முடிவுசெய்தவுடன் செய்ய வேண்டிய முதற்பணி அதுவே.

ஆலய நிர்வாகத்தினர் சிந்திக்கத் தக்கதும் இங்கு ஒன்றுண்டு. திருப்பணிக்கும் இராஜகோபுரத்துக்கும் நிதி திரட்டும் அக்கறையோடு, புதிதாக ஊருக்கு வரும் குடும்பங்களுக்கென ஒரு சிறு பலகை வைக்கலாகாதா? அருகிலுள்ள தமிழ்ப்பள்ளி, பாலர் பள்ளி, வாடகை வீடுகள், தேவார வகுப்பு நேரம் ஆகியவற்றை அதில் எழுதிவைத்தால் போதும். அதற்குச் செலவு மிகச் சிறிது. இன்று வழி கேட்டு வருபவரே நாளை உபயக்காரராகவும், தேர்வடம் பிடிப்பவராகவும், நிர்வாகப் பொறுப்பேற்பவராகவும் வளர்வார்.

குடிபுகுந்த முதல் வெள்ளிக்கிழமை, மூதாட்டி தனியாகவே நடந்து கோயிலுக்குச் சென்றார். தீபாராதனை முடிந்து விபூதி பெற்று ஓர் ஓரமாக அமர்ந்தபோது, அருகிலிருந்த அம்மையார் ஒருவர் வினவினார்.

“புதுசா வந்திருக்கீங்களா அக்கா? எந்த ஊரு?”

“சுங்கை சிப்புட்டும்மா.”

“சுங்கை சிப்புட்டா! அங்கே எந்தத் தோட்டம்?”

மூதாட்டி பிறந்த தோட்டத்தின் பெயரைச் சொன்னார். கேட்டவரின் அண்ணியாரும் அதே தோட்டத்தில் பிறந்தவர். அன்று மாலை வீடு திரும்ப அவருக்கு வெகு நேரமாயிற்று. தேடிக்கொண்டு வந்த மருமகள், மண்டபத்தில் நால்வர் நடுவே அமர்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்த அத்தையைக் கண்டு, அழைக்காமல் சற்று நேரம் வாசலிலேயே நின்றார்.

தோட்டத்துக் கோயிலையும் அவர்கள் மறந்துவிடவில்லை. ஆண்டுத் திருவிழாவுக்கு இரயிலேறிச் சென்று, தம் குடும்ப உபயத்தைத் தவறாது செலுத்தி வருகின்றனர். பிழைப்புக்கு ஓர் ஊர், வாழ்வுக்கு ஓர் ஊர், வேருக்கு ஓர் ஊர் என்று மூன்றாகப் பிரிந்து கிடக்கும் இக்காலத்து வாழ்க்கையில், மூன்றையும் இணைத்து நிற்பது ஆலயமே. புது ஊர் தேடிப் புறப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அன்னை மகமாயி நல்வழி காட்டி, நடைதூரத்தில் தன் சந்நிதியையும் அருள்வாளாக!