பழைய பீங்கான் பொருட்களுக்கு வீட்டில் வண்ணமிடுதல்

பயன்படாமல் கிடக்கும் பீங்கான் கோப்பை, தட்டு, ஊறுகாய் ஜாடி, உடைந்த ஓடு முதலியவற்றுக்கு வண்ணம் பூசியோ, துளையிட்டோ, துண்டுகளை ஒட்டியோ வேறொரு பயனுக்குக் கொண்டுவருவது வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு கைவினை ஆகும். இதற்குச் சக்கரமும் வேண்டாம், சூளையும் வேண்டாம். ஆனால் சூளை இல்லாததே இந்தக் கைவினையின் எல்லையையும் வகுக்கிறது. பீங்கானின் மேலுள்ள பளபளப்பான மெருகு, சூளையில் உருகி உறைந்த ஒரு கண்ணாடிப் படலம். வீட்டில் நாம் பூசும் வண்ணமோ அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசின் படலம் மட்டுமே. எதைப் பூசலாம், எங்கே பூசக்கூடாது, பூசிய கோப்பையில் காபி குடிக்கலாமா என்ற கேள்விகள் அனைத்தும் இந்த வேறுபாட்டில்தான் வந்து நிற்கின்றன.

சுட்ட மண் திரும்புவதில்லை

பச்சைக் களிமண் பொம்மை உடைந்தால் நீரில் ஊறவைத்து மீண்டும் பிசையலாம். சுமார் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுட்டுவிட்டால், களிமண்ணின் படிக அமைப்பில் பிணைந்திருந்த நீர் வெளியேறி விடுகிறது. அதன்பின் எத்தனை ஆண்டு ஊறினாலும் அது களிமண் ஆகாது. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் பானை ஓடுகள் இன்றும் கிடைப்பதற்குக் காரணம் இதுவே. பழைய பேப்பர் கடையில் பீங்கானை வாங்க மாட்டார்கள். கண்ணாடிக் குப்பிகளோடு சேர்த்து உருக்கவும் முடியாது, ஏனெனில் கண்ணாடி உருகும் உலையில் பீங்கான் துண்டு உருகாமல் நின்று புதிய குப்பியைப் பலவீனமாக்கும். கொல்லையில் வீசினாலோ மழைநீர் தேங்கி, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட இடமாகிறது.

கையில் இருப்பது எது?

பேச்சு வழக்கில் வழவழப்பாக இருப்பவை எல்லாம் பீங்கான்தான். மங்கு என்றும் சொல்வர். சுட்ட வெப்பத்தைக் கொண்டு இவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். சுமார் 1,000 முதல் 1,150 டிகிரி வரை சுட்டது சுடுமண். அது நுண்துளைகள் உள்ளது, நீரை உறிஞ்சும். 1,200 டிகிரிக்கு மேல் சுடப்பட்டு, கல் போல் இறுகியது கற்பாண்டம். மேலே பழுப்பும் கீழே வெண்மையுமாக இருக்கும் நம் ஊறுகாய் ஜாடிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. வெண்களிமண்ணில் செய்து இன்னும் கூடுதலான வெப்பத்தில் சுட்டு, மெல்லிய இடத்தில் ஒளி ஊடுருவும்படி இருப்பது அசல் பீங்கான்.

இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. பாத்திரத்தைக் கவிழ்த்தால் அடியில் மெருகு இல்லாத வளையம் ஒன்று தெரியும். அதில் ஒரு சொட்டு நீர் விட வேண்டும். உடனே உறிஞ்சினால் சுடுமண், அப்படியே நின்றால் மற்ற இரண்டில் ஒன்று. விரலால் சுண்டிப் பார்ப்பதும் நல்லது. மணி போல் ஒலித்தால் பொருள் முழுமையாக இருக்கிறது. மந்தமாக ஒலித்தால், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எங்கோ விரிசல் ஓடியிருக்கலாம். அத்தகையதை அடுப்பில் வைத்துச் சூடாக்கக்கூடாது.

ஆத்தங்குடிக் கற்களைப் பீங்கான் ஓடு என்று எண்ணுபவர்கள் உண்டு. அவை சூளையையே காணாதவை. சிமெண்டில் வார்த்து நீரில் ஊறவைத்துப் பதமாக்கப்பட்டவை. இங்கே சொல்லப்படும் முறைகள் அவற்றுக்குப் பொருந்தா.

காரீயம் என்னும் சிக்கல்

பழைய பாத்திரத்தை எடுக்கும்போது முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது அழகை அல்ல, அதன் மெருகில் உள்ள உலோகத்தை. மெருகின் மூலப்பொருளான சிலிக்கா எளிதில் உருகாது. அதைக் குறைந்த வெப்பத்தில் உருக்க, ரோமானியர் காலம் தொட்டே காரீயம் சேர்க்கப்பட்டு வந்தது. காரீயம் சேர்ந்த மெருகு நன்கு மின்னும், வண்ணங்களும் எடுப்பாகத் தெரியும். சிவப்பு, மஞ்சள் நிறங்களுக்குக் காட்மியமும் பயன்பட்டது. அமெரிக்காவில் 1936-இல் வெளிவந்த ஃபியஸ்டா என்னும் புகழ்பெற்ற பாத்திர வரிசையின் சிவப்பு நிறத்துக்கு யுரேனிய ஆக்சைடே சேர்க்கப்பட்டது.

(ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் பற்றி இங்கே அஞ்ச வேண்டியதில்லை. முறையாகச் செய்யப்பட்ட சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. நாம் பேசுவது காரீயத்தை. இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் குழப்பம் நேர்கிறது.)

சரியாகச் சுடப்படாத காரீய மெருகு, புளிப்புப் பட்டால் கரைந்து உணவில் கலக்கும். நம் சமையலில் புளி, எலுமிச்சை, தயிர், தக்காளி இல்லாத நாள் ஏது? ஊறுகாயோ மாதக்கணக்கில் ஒரே பாத்திரத்தில் இருப்பது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. இரத்தத்தில் இவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார அமைப்பின் நிலைப்பாடு. ஆய்வகங்களில் 4 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தைப் பாத்திரத்தில் ஊற்றி 24 மணி நேரம் வைத்து, அதில் கரைந்த காரீயத்தை அளக்கிறார்கள். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஆகவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத, பளிச்சென்ற வண்ணமுடைய பழைய பாத்திரத்தையும், மெருகில் வலைப்பின்னல் போல் மயிரிழை விரிசல் விழுந்ததையும் உணவுக்கு வைத்துக்கொள்ளாமல் அலங்காரத்துக்கு ஒதுக்குவதே முறை. இந்தக் கைவினைக்கு ஏற்ற பொருட்களும் அவையே.

ஊறுகாய் ஜாடியின் கதை வேறு. கற்பாண்டத்தை உயர்ந்த வெப்பத்தில் சுடுவதால், அதன் மெருகை உருக்கக் காரீயத்தின் உதவி தேவைப்படுவதில்லை. உப்பும் புளிப்பும் அதை எளிதில் அரிப்பதில்லை. உள்மெருகு பழுதின்றி இருக்கும் பாட்டி காலத்து ஜாடியை வண்ணமடித்துக் குடை வைக்கும் கூடையாக்குவது, ஓடிக்கொண்டிருக்கும் தையல் இயந்திரத்தைப் பூந்தொட்டி ஆக்குவது போன்றது. அதைத் துலக்கி, வெயிலில் காயவைத்து, மாவடு போடலாம். மூடி உடைந்ததும் உள்ளே மெருகு பெயர்ந்ததும் வண்ணத்துக்கு வரட்டும்.

வண்ணம் ஏன் உரிகிறது?

சுவரும் மரமும் வண்ணத்தைக் குடிக்கும். கண்ணாடி மெருகு குடிக்காது. வண்ணம் அதன்மேல் பற்றுக்கோடின்றி நிற்கும். இடையில் ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் அந்த இடம் செதிலாக உரியும். சமையலறைப் பொருட்களில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு கட்டாயம் இருக்கும். வெந்நீரில் சலவைச் சோடா கலந்து ஊறவைத்து, பாத்திரச் சோப்பால் தேய்த்து, நன்கு உலர்ந்தபின் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். அதன்பின் பூசப்போகும் இடத்தில் விரல் படக்கூடாது. உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் பிடிப்பு கூடும் என்பது உண்மைதான். ஆனால் காரீயம் இருக்கக்கூடிய பழைய மெருகை உலர்ந்த நிலையில் தேய்த்தால் அதன் தூள் மூச்சில் போகும். கற்பாண்டத்திலும் புதிய ஓட்டிலும் மட்டும், நீர் தொட்டுத் தொட்டுத் தேய்க்கலாம். பழைய வண்ணப் பாத்திரத்தில் தேய்க்கவே வேண்டாம், பிரைமர் போதும்.

கடைகளில் கிடைக்கும் வண்ணங்களில் இரண்டு வகை முக்கியமானவை. முதலாவது, சூட்டில் இறுகும் பீங்கான் வண்ணம். பூசியபின் 24 மணி நேரம் உலரவிட்டு, சுமார் 150 டிகிரியில் 35 நிமிடம் சூடாக்கும்படி இவற்றில் சிலவற்றின் புட்டியில் எழுதியிருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறுவதால் புட்டியில் உள்ளதே இறுதி. ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் உலர்வதற்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். பொருளைக் குளிர்ந்த அடுப்பில் வைத்தபின்தான் சூட்டை ஏற்ற வேண்டும். குறித்த சூடு வந்ததிலிருந்து நேரத்தைக் கணக்கிட வேண்டும். அணைத்தபின் உள்ளேயே ஆறவிட வேண்டும். பீங்கான் வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால், ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நின்றால் பிளந்துவிடும். கேஸ் அடுப்பின் தீயில் காட்டக்கூடாது என்பதும் இதனால்தான். கேக் செய்யும் ஓ.டி.ஜி அடுப்பு போதுமானது. சாதாரண மைக்ரோவேவ் உதவாது. அது முதன்மையாக நீரைச் சூடாக்குவது. தங்கக் கோடு போட்ட கோப்பையை வைத்தால் பொறி பறக்கும்.

அடுப்பு இல்லாதவர்களுக்கு இரண்டாவது வகை: பிரைமர், அதன்மேல் அக்ரிலிக் வண்ணம், அதன்மேல் வார்னிஷ். பார்வைக்கு இது முன்னதைவிடக் குறைந்ததன்று. ஆனால் தேய்த்துக் கழுவத் தாங்காது, துடைக்கத்தான் முடியும். பெர்மனன்ட் மார்க்கரால் கோப்பையில் எழுதி அடுப்பில் வைத்தால் அழியாது என்று காணொளிகளில் காட்டுவார்கள். சில முறை கழுவியதும் அது மங்கத் தொடங்கிவிடும்.

வளைந்த பரப்பில் தூரிகையின் கோடு தெரியாமல் பூசுவது கடினம். சிறு பஞ்சுத்துண்டால் ஒற்றி எடுத்தால் சீராக வரும். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு: காது குடையும் பட்ஸால் புள்ளி வைத்து, புள்ளிகளைச் சுற்றி இழை ஓட்டிவிடலாம். பிழையானால் ஈரம் காயும் முன் துடைத்து மீண்டும் வைக்கலாம்.

கோப்பையின் உட்புறத்தில் எந்த வண்ணமும் கூடாது. வெளிப்புறத்திலும் உதடு படும் விளிம்பிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் விட்டே தொடங்க வேண்டும். புட்டியில் நச்சற்றது என்று அச்சிட்டிருப்பது, வண்ணமிடும் குழந்தையின் கையில் பட்டால் தீங்கில்லை என்பதற்கே. சூடான சாம்பாரை அதன்மேல் ஊற்றிச் சாப்பிடலாம் என்று அதற்குப் பொருள் கிடையாது.

துளையிடுதலும் துண்டுகளும்

கோப்பையில் செடி வைக்க வேண்டுமானால் அடியில் துளை வேண்டும், இல்லையேல் நீர் தேங்கி வேர் அழுகும். வைரத்தூள் பதித்த துளைமுனையை, சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டு, குறைந்த வேகத்தில் ஓட்ட வேண்டும். மாஸ்கிங் டேப் ஒட்டிய இடத்தில் தொடங்கினால் முனை வழுக்காது. அவ்வப்போது சில சொட்டு நீர் விட்டால் சூடும் ஏறாது, தூளும் பறக்காது. சிலிக்கா தூள் நுரையீரலைக் கெடுப்பது. முகக்கவசமும் கண்ணாடியும் அவசியம். நீர் புழங்கும் இடத்தில் மின்கம்பி இல்லாத, பேட்டரியில் ஓடும் கருவியே பாதுகாப்பானது.

உடைந்த துண்டுகளின் பெருமையை அறிய சண்டிகருக்குச் செல்ல வேண்டும். அங்கே பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 முதல் காட்டுப் பகுதி ஒன்றில் யாருக்கும் தெரியாமல் உடைந்த தட்டு, கழிவறைப் பீங்கான், வளையல் துண்டு இவற்றைக் கொண்டு உருவங்கள் அமைத்து வந்தார். அனுமதியின்றி எழுந்த அது இடிக்கப்படாமல் தப்பி, 1976-இல் பாறைத் தோட்டமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. பார்சலோனாவின் குவெல் பூங்காவில் அந்தோனி கௌடியும் அவருடன் பணியாற்றிய ஜுஜோலும் அமைத்த நீண்ட வளைந்த இருக்கை, ஓட்டுத் துண்டுகளால் ஆனது.

வீட்டில் ஒரு பழைய முக்காலியின் மேற்பரப்பில் இதைச் செய்து பார்க்கலாம். தட்டைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டினால் சில்லுகள் தெறிக்காது. வீட்டுக்குள் வைப்பதற்குச் சாதாரண மரப்பசை போதும். மழை படும் இடத்தில் அது ஊறிப் பெயரும் என்பதால் ஓடு ஒட்டும் சிமெண்டுப் பசை வேண்டும். துண்டுகளுக்கிடையே 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, பசை இறுகியபின் கிரவுட் நிரப்பி, அது முழுதும் இறுகும் முன் ஈரப்பஞ்சால் மேற்பரப்பைத் துடைக்க வேண்டும். கூரிய விளிம்புகள் எதுவும் கிரவுட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது.

இரண்டாக உடைந்த கோப்பையைப் பொன்னிறக் கோட்டோடு ஒட்டும் ஜப்பானியக் கின்சுகி முறையில், உருஷி மரத்தின் பாலில் பொன்தூள் தூவப்படுகிறது. ஒரு கோப்பை முடிய வாரங்கள் ஆகும். அப்பெயரில் விற்கும் மலிவான பெட்டிகள் பலவற்றில் இருப்பது எபாக்சிப் பசையும் மினுமினுப்புத் தூளுமே. அவற்றால் ஒட்டியதில் சூடான காபியை ஊற்றினால் ஒட்டு இளகக்கூடும். அதைப் பேனா வைக்கும் குவளையாகக் கொள்ளலாம்.