விமானத்தோடு விற்கப்படும் இடஒதுக்கீடு

2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்தின் கைக்குப் போனது. அங்கே புதிய பணியிடங்களுக்கான இடஒதுக்கீடும் அன்றோடு முடிந்தது. ஒன்றிய அரசிடம் மிஞ்சியிருப்பது, சிறு நகரங்களை இணைக்கும் அலையன்ஸ் ஏர். அதையும் விற்கத் திட்டமிடப்பட்டது.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும்; அதற்குப் பல லட்சம் ரூபாய் செலவாகும். அடகு வைக்க நிலமில்லாத நம் வீட்டுப் பிள்ளை கடன் வாங்கித்தான் படிக்க முடியும். வேலை போனால் கடன் மட்டும் நிற்கும்.

வேறு நிறுவனத்துக்கு மாறுவதும் எளிதல்ல. அலையன்ஸ் ஏர் பெரும்பாலும் ஏ.டி.ஆர். ரக விமானங்களை இயக்குகிறது. அதை ஓட்டியவர் ஏர்பஸ் ஓட்ட வேண்டுமானால் தனிப் பயிற்சி, தனித் தகுதி, மறுபடியும் பணம். 2019-இல் ஜெட் ஏர்வேஸும் 2023-இல் கோ ஃபர்ஸ்ட்டும் பறப்பதை நிறுத்தியபோது, விமானிகள் சம்பளப் பாக்கியோடு வெளியே வந்ததைப் பார்த்தோம். கையில் சேமிப்பு உள்ளவர் அடுத்த வேலை வரும்வரை தாங்குவார். முதல் தலைமுறைப் பட்டதாரி எத்தனை மாதம் தாங்குவார்?

அரசு நிறுவனத்தை விற்கும்போது இடஒதுக்கீட்டையும் பணிப் பாதுகாப்பையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தனியார் துறையிலும் இடஒதுக்கீட்டுக்குச் சட்டம் வேண்டும். விமானி ஆக விரும்பும் மாணவர்களே, உரிமத்தோடு இந்த உரிமையையும் சேர்த்துக் கேளுங்கள்.